காலை பதினொன்றானால் லாகின் நின்றுவிடுகிறது: ஸ்லாப்டி, எர்ர்நோ 24

ஆய்வகச்சாவி | திங்கள், பிற்பகல் 1.20

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். மாணவர், ஆசிரியர் எல்லோருடைய கணக்கும் ஒரே ஓப்பன்எல்டேப் சர்வரில் (கணக்குகளை வைத்திருந்து பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டைரக்டரி மென்பொருள்) இருக்கிறது. லேப் கணினிகள், வைஃபை, மெயில், கட்டணமும் வருகைப்பதிவும் பார்க்கும் போர்ட்டல் என எல்லாமே அங்கேதான் வந்து கேட்கும். இரண்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

கடந்த மூன்று வாரமாக, வேலை நாட்களில் காலை பதினொன்றை ஒட்டி லாகின் நின்றுவிடுகிறது. பாஸ்வேர்டு தவறு என்று சொல்வதில்லை. திரை அப்படியே காத்துக்கொண்டு நிற்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை, புதிதாக வருபவர்களுக்குத்தான். ஓப்பன்எல்டேப்பின் சர்வர் நிரலான ஸ்லாப்டியை ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகும், மூன்று நான்கு மணி நேரத்தில் மறுபடி அதே கதை.

லாகில் வருவது இதுதான்: 'அக்செப்ட் ஃபெயில்டு, எர்ர்நோ 24, டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'. நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஓடுகிறது.

தேடிப் பார்த்து லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் நோஃபைல் அளவை (ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை) 65536 ஆக்கினேன். மெஷினையே ரீபூட் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பத்து நாளில் செய்முறைத் தேர்வு தொடங்குகிறது. இன்று காலை முப்பது பிள்ளைகள் லேபில் கீபோர்டு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேர்வு நாளில் இப்படி ஆகிவிடக் கூடாது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய_யூனிக்ஸ் | திங்கள், பிற்பகல் 2.05

தம்பி, ரீபூட் செய்தும் மாறாததற்குக் காரணம் எளிது. லிமிட்ஸ்.கான்ஃப் என்பது பேம் என்ற உள்நுழைவுச் சரிபார்ப்பு வழியாக லாகின் ஆகும் செஷன்களுக்கு மட்டும். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி நேரடியாகத் தொடங்கும் சர்வீஸ் அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் டெர்மினலில் யூலிமிட் போட்டுப் பார்த்தால் 65536 என்று காட்டும். ஸ்லாப்டிக்கு அது கிடைத்திருக்காது. பல பேர் இந்த இடத்தில்தான் ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள்.

யூலிமிட் காட்டுவதை நம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்லாப்டியின் பிஐடியை (ப்ராசஸ் எண்) எடுத்து, ப்ராக் கோப்பகத்தில் அந்த எண்ணுக்குள் இருக்கும் லிமிட்ஸ் கோப்பைப் படியுங்கள். அங்கே 'மேக்ஸ் ஓப்பன் ஃபைல்ஸ்' வரியில் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மை. 1024 என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

லினக்ஸில் ஒவ்வொரு சாக்கெட்டும், அதாவது நெட்வொர்க் இணைப்பின் முனையும், ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்புக்குக் கெர்னல் தரும் எண்). 1024இல் டேட்டாபேஸ், லாக், லிசன் செய்யும் சாக்கெட் எல்லாம் போக மிச்சம்தான் கிளையன்ட்களுக்கு. அது தீர்ந்ததும் கெர்னல் 24ஆம் எண் பிழையைத் திருப்பித் தருகிறது. உள்ளே இருப்பவர் பிழைப்பதும் வெளியே நிற்பவர் காத்திருப்பதும் இதனால்தான். கிளையன்ட்டோடு நடக்கும் டிசிபி கைகுலுக்கலைச் சர்வரின் கெர்னலே முடித்து வரிசையில் வைத்துவிடும். ஸ்லாப்டி எடுத்துக்கொள்ளவில்லை என்பது கிளையன்ட்டுக்குத் தெரியாது. அதனால் பிழை வராமல் திரை உறைகிறது.

லிமிட்டை உயர்த்துவது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இரண்டு வருடம் 1024 போதுமாக இருந்ததே, மூன்று வாரத்துக்கு முன் என்ன மாறியது?

ரேக்_எண்_7 | திங்கள், பிற்பகல் 2.40

எங்க ஆபீஸ்லயும் இதே மாதிரி வந்துச்சு. கான்_மேக்ஸ்_பெண்டிங்னு ஒரு செட்டிங் இருக்கு, டிஃபால்ட் 100. அதை 5000 ஆக்குங்க. கூடவே த்ரெட்ஸ் 16ல இருக்கும், அதை 64 ஆக்குங்க. சரியாயிடும்.

பழைய_யூனிக்ஸ் | திங்கள், பிற்பகல் 3.10

ரேக், அந்த இரண்டும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. பெயரைப் பார்த்தால் கனெக்ஷன் எண்ணிக்கை போலத் தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். கான்_மேக்ஸ்_பெண்டிங் என்பது ஒரே கனெக்ஷனுக்குள் எத்தனை கோரிக்கைகள் வரிசையில் காத்திருக்கலாம் என்ற அளவு. பைண்ட் (சர்வரில் உள்நுழைவது) ஆகாதவருக்கு 100, பைண்ட் ஆனவருக்கு இன்னொரு செட்டிங்கில் 1000. மொத்தம் எத்தனை பேர் கதவைத் தட்டலாம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

த்ரெட் விஷயமும் அப்படித்தான். ஸ்லாப்டி ஒரு கனெக்ஷனுக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் வேலை இழை) ஒதுக்கும் சர்வர் இல்லை. சும்மா திறந்து கிடக்கும் கனெக்ஷன் ஒரு டிஸ்கிரிப்டரைப் பிடித்திருக்கும், த்ரெட்டைப் பிடிக்காது. ஏதாவது வேலை வந்தால்தான் த்ரெட் இறங்கும். 16 த்ரெட்டோடு ஆயிரக்கணக்கான கனெக்ஷன்கள் நிம்மதியாக ஓடும்.

ரேக்_எண்_7 | திங்கள், பிற்பகல் 3.25

நன்றி சார். அப்ப எங்களுக்கு சரியானது ரீஸ்டார்ட் பண்ணதால மட்டும்தான் போல. இன்னைக்கு ராத்திரி நானும் ப்ராக்ல பார்க்கிறேன்.

ஆய்வகச்சாவி | செவ்வாய், காலை 11.50

சார், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள சாஃப்ட் லிமிட் 1024, அதை உயர்த்தக்கூடிய உச்சமான ஹார்ட் லிமிட் 524288.

இன்று 11.10க்கு மறுபடி நின்றது. வகுப்பு நடுவில் ரீஸ்டார்ட் செய்தால் எல்லோருடைய இணைப்பும் அறுபடும் என்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ரலிமிட் கட்டளையால் சாஃப்ட் லிமிட்டை 16384 ஆக்கினேன். ப்ராக்கில் 16384 என்று மாறியும்விட்டது. ஆனால் லாகின் வரவில்லை. லாகில் பிழை மட்டும் மாறியது. இப்போது 'பியாண்ட் டிஸ்கிரிப்டர் டேபிள் சைஸ் 1024' என்கிறது. இது என்ன புதுப் பிழை? எதையாவது கெடுத்துவிட்டேனா? கடைசியில் ரீஸ்டார்ட் செய்துதான் மீண்டேன்.

பழைய_யூனிக்ஸ் | செவ்வாய், பிற்பகல் 12.30

எதையும் கெடுக்கவில்லை. நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள்.

ஸ்லாப்டி தொடங்கும்போது ஒரே ஒரு முறை 'எனக்கு எத்தனை டிஸ்கிரிப்டர்' என்று கேட்டு, அந்த எண்ணுக்குச் சமமான அளவில் கனெக்ஷன் அட்டவணையை மெமரியில் கட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் வெளியிலிருந்து லிமிட்டை உயர்த்தினால் கெர்னல் ஒத்துக்கொள்ளும். அதனால்தான் 24ஆம் பிழை போனது. ஆனால் ஸ்லாப்டியின் அட்டவணையில் 1024 இடம்தான். 1024ஆவது டிஸ்கிரிப்டர் வந்ததும் 'இது என் அட்டவணைக்கு வெளியே' என்று தானே மூடிவிடுகிறது. ரீஸ்டார்ட் இல்லாமல் இதற்கு வழி கிடையாது.

இன்று இரவு செய்ய வேண்டியது: சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று கொடுத்து அந்த சர்வீஸுக்கு ஒரு ஓவர்ரைடு கோப்பு உருவாக்குங்கள். சர்வீஸ் பகுதியில் 'லிமிட்நோஃபைல்' என்ற வரிக்கு 8192 கொடுங்கள். டீமன் ரீலோட், பிறகு ரீஸ்டார்ட். மறுபடி ப்ராக்கில் பார்த்து 8192 வந்ததா என்று உறுதி செய்துகொண்டு படுங்கள்.

இன்ஃபினிட்டி மட்டும் போடாதீர்கள். மேலே சொன்ன அட்டவணை எத்தனை டிஸ்கிரிப்டரோ அத்தனை இடத்துக்கு மெமரி கேட்கும்.

கன்டெய்னர்_கட்டுபவன் | செவ்வாய், பிற்பகல் 1.15

கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். டாக்கரில் ஓப்பன்எல்டேப் ஓட்டியபோது, ஐம்பது பயனர்கூட இல்லாத சர்வர் தொடங்கின உடனே பல நூறு எம்பி மெமரியைப் பிடித்துக்கொண்டது. டேட்டாபேஸில் என்னமோ கோளாறு என்று இரண்டு நாள் இன்டெக்ஸைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால் கன்டெய்னருக்குள் நோஃபைல் 1048576 என்று வந்திருக்கிறது. கன்டெய்னருக்கு யூலிமிட்டை 1024 என்று கொடுத்ததும் மெமரி சரசரவென்று இறங்கிவிட்டது. கன்டெய்னரில் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஆய்வகச்சாவி | புதன், மாலை 5.10

நேற்று இரவு 8192 வைத்தேன். ப்ராக்கில் சரியாகக் காட்டுகிறது. இன்று முழுக்க ஒரு லாகின்கூட நிற்கவில்லை. மூன்று வாரத்தில் முதல் முறையாக மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

ஆனால் சார் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையால் எல்டேப்பின் 389 (சாதாரணம்), 636 (மறையாக்கம்) இரண்டு போர்ட்டிலும் எஸ்டாப்ளிஷ்டு கனெக்ஷன்களை எடுத்து, எதிர்முனை ஐபி வாரியாக எண்ணினேன். மாலை நான்கு மணிக்கு மொத்தம் 2847. லேப் கணினிகள் 186, ஆளுக்கு ஒன்று. வைஃபைக்கான ரேடியஸ் சர்வர் 20. மெயில் 12. ரெப்ளிகா (நகல் சர்வர்) 1. மிச்சம் 2628ம் ஒரே ஐபி: கட்டணப் போர்ட்டல். அது ஜாவாவில் எழுதியது, வெளி நிறுவனம் ஒன்று பராமரிக்கிறது.

அவர்களுக்குப் போன் செய்தேன். 'எங்கள் நிரலில் ஒவ்வொரு கனெக்ஷனையும் மூடிவிடுகிறோம், இரண்டு வருடமாக அதில் ஒரு வரியும் மாற்றவில்லை, உங்கள் சர்வரைப் பாருங்கள்' என்றார்கள். ஒரு வரியும் மாறவில்லை என்பது உண்மைதான், நானே சரிபார்த்தேன்.

வலைக்கயிறு | புதன், இரவு 7.30

நடுவில் ஃபயர்வால் இருக்கிறதா? இருந்தால் இதையும் பாருங்கள். சும்மா கிடக்கும் கனெக்ஷனை ஃபயர்வால் தன் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடும். கிளையன்ட் பிறகு மூடினாலும் இணைப்பு முடிந்தது என்று சொல்லும் ஃபின் பாக்கெட் சர்வருக்கு வந்து சேராது. சர்வர் பக்கம் அது உயிரோடு இருப்பது போலவே எஸ்டாப்ளிஷ்டு என்று நிற்கும்.

ஸ்லாப்டி சாக்கெட்டில் கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) வைக்கிறது, ஆனால் லினக்ஸின் டிஃபால்ட் கணக்கைப் பாருங்கள். முதல் சோதனைப் பாக்கெட் போகவே 7200 நொடி. பதில் வராவிட்டால் 75 நொடிக்கு ஒன்றாக 9 முறை, அதாவது 675 நொடி. ஆக மொத்தம் 7875 நொடி, 2 மணி 11 நிமிடம் 15 நொடி கழித்துத்தான் செத்த கனெக்ஷனைக் கெர்னல் புதைக்கும். அதுவரை டிஸ்கிரிப்டர் பிடிபட்டே இருக்கும். இதைக் குறைக்க வேண்டுமானால் சிஸ்டம் அளவில் கீப்அலைவ் நேரத்தை 300 ஆக்கலாம்.

இது உங்கள் விஷயமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரே நிமிடத்தில் இரண்டு மெஷினிலும் எண்ணுங்கள். சர்வரில் 2600ம் போர்ட்டலில் 40ம் என்றால் குற்றவாளி நடுவில் இருக்கிறது. இரண்டும் சமம் என்றால் நடுவில் தேட வேண்டாம்.

ஆய்வகச்சாவி | வியாழன், காலை 10.45

இரண்டு பக்கமும் எண்ணினேன். சர்வரில் 1204, போர்ட்டல் மெஷினில் 1204. ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. குற்றவாளி ஃபயர்வால் இல்லை.

வலைக்கயிறு | வியாழன், காலை 11.00

அப்படியானால் போர்ட்டலே கையில் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது. என் பக்கம் முடிந்தது. ஜாவா தெரிந்தவர்கள் வாருங்கள்.

ரேக்_எண்_7 | வியாழன், காலை 11.20

ஸ்லாப்டியில ஐடில்டைம்அவுட் டிஃபால்ட் 0, அதாவது எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் வெட்டாது. அதை 600 வச்சா பத்து நிமிஷம் சும்மா கிடக்கறதை சர்வரே மூடிடும் இல்லையா? இந்தத் தடவை மேனுவலைப் படிச்சிட்டுத்தான் சொல்றேன்.

பழைய_யூனிக்ஸ் | வியாழன், பிற்பகல் 12.10

ரேக் சொன்னது இந்த முறை மிகச் சரி. ஓஎல்சிஐடில்டைம்அவுட் என்று, ஸ்லாப்டியின் அமைப்புகள் இருக்கும் சிஎன்=கான்ஃபிக்கில் வைத்தால் ரீஸ்டார்ட்கூட வேண்டாம். ரெப்ளிகா விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கனெக்ஷனை இது வெட்டுமோ என்று பயப்பட வேண்டாம். வேலை நடந்துகொண்டிருக்கும் கனெக்ஷனை ஐடில் கணக்கில் சேர்ப்பதில்லை, ரெப்ளிகா பயன்படுத்தும் ரெஃப்ரெஷ்-அண்ட்-பெர்சிஸ்ட் முறையும் அதில் அடங்கும்.

லேப் கணினிகளில் எஸ்எஸ்எஸ்டி (லாகினைக் கையாளும் சர்வீஸ்) இருந்தால் அது தானாக மறுபடி இணைந்துகொள்ளும். சிக்கல் வரக்கூடியது, கனெக்ஷனைப் பல மணி நேரம் வைத்திருந்து 'இன்னும் உயிரோடு இருக்கும்' என்று நம்பிப் பயன்படுத்தும் பழைய ஆப்களுக்கு. அவற்றுக்கு முதல் கோரிக்கை தோற்கும். மெயில் சர்வரின் லாகை ஒரு நாள் கவனியுங்கள்.

வையுங்கள், தேர்வு வரை தாங்கும். ஆனால் இதைக் கட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். புண் போர்ட்டலில் இருக்கிறது.

நிரலி_மதுரை | வியாழன், இரவு 9.40

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். பதினோரு வருடமாக ஜாவா எழுதுகிறேன், இதே புண்ணை வேறு ஒரு வேலையில் பார்த்திருக்கிறேன்.

ஆய்வகச்சாவி, இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, போர்ட்டல் ஜேவிஎம்மில் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) ஜேஸ்டாக், அதாவது த்ரெட் பட்டியல், எடுங்கள். டைரக்டரியோடு பேசும் ஜாவா நூலகமான ஜேஎன்டிஐ ஒவ்வொரு எல்டேப் கனெக்ஷனுக்கும் படிப்பதற்கென்று தனி த்ரெட் ஒன்று வைக்கும். ஸ்டாக்கில் 'ஜேஎன்டிஐ.எல்டேப்.கனெக்ஷன்.ரன்' என்று எத்தனை த்ரெட்டில் வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு, பாஸ்வேர்டு சரிபார்க்கும் இடத்தின் நிரலைப் பார்க்க முடியுமா? முழுக்க வேண்டாம், தேடல் செய்யும் இடம் மட்டும்.

ஆய்வகச்சாவி | வெள்ளி, காலை 11.30

அக்கா, ஜேஸ்டாக்கில் 1377 த்ரெட். அதே நேரம் எஸ்எஸ் காட்டியது 1379.

நிரல் எங்களிடம் இருக்கிறது. ஒரு டிர்கான்டெக்ஸ்ட் (டைரக்டரி இணைப்புக்கான பொருள்) உருவாக்கி, யூஐடியை வைத்துத் தேடுகிறார்கள். கிடைத்த ரிசல்ட்டில் 'ஹேஸ்மோர் உண்மை என்றால் நெக்ஸ்ட்' என்று முதல் பதிவை எடுத்து, அதன் டிஎன்னை (பதிவின் முழுப் பெயர்) வைத்துக்கொள்கிறார்கள். ஃபைனலி பகுதியில் கான்டெக்ஸ்ட்டை க்ளோஸ் செய்கிறார்கள். நானே கண்ணால் பார்த்தேன், க்ளோஸ் இருக்கிறது. அப்புறம் எப்படி?

நிரலி_மதுரை | வெள்ளி, பிற்பகல் 12.45

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் கான்டெக்ஸ்ட்டை மூடுகிறார்கள். தேடல் திருப்பித் தந்த முடிவுப் பட்டியலான நேமிங்எனுமரேஷனை மூடவில்லை.

ஒரு பதிவை எடுத்துவிட்டு நிறுத்தினால், அந்தப் பட்டியலில் 'இன்னும் இருக்கலாம்' என்றுதான் ஜேஎன்டிஐ நினைக்கும். இல்லை என்று தெரிய வேண்டுமானால் ஹேஸ்மோரை இன்னொரு முறை கேட்டு அது பொய் என்று சொல்ல வேண்டும். அப்போது அது தானாகவே மூடிக்கொள்ளும். இவர்கள் ஒரே முறை கேட்டு வெளியேறிவிடுகிறார்கள். அடுத்து கான்டெக்ஸ்ட்டில் க்ளோஸ் கூப்பிடும்போது, உள்ளே திறந்திருக்கும் எனுமரேஷன் ஒன்று இருப்பதைப் பார்த்து 'மூடச் சொன்னார்கள், அது முடிந்ததும் மூடுகிறேன்' என்று குறித்து வைத்துக்கொண்டு திரும்பிவிடும். பிழை எதுவும் வராது. சாக்கெட் திறந்தே இருக்கும். நிரலைப் படிக்கிறவருக்கு மூடியது போலத்தான் தோன்றும். அந்த நிறுவனத்தார் பொய் சொல்லவில்லை, அவர்களும் க்ளோஸ் என்ற வார்த்தையைப் பார்த்து நம்பியிருக்கிறார்கள்.

பிறகு இரண்டு வருடம் எப்படி ஓடியது? யாரும் கைவைக்காத அந்தப் பொருளைக் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி, பயன்படாத பொருள்களை மெமரியிலிருந்து அகற்றுவது) எடுக்கும்போது, அதன் ஃபைனலைஸ் ஓடி கனெக்ஷனை மூடிவிடும். ஜிசி அடிக்கடி ஓடினால் கசிவு வெளியே தெரியவே தெரியாது.

அதனால் என் கேள்வி வேறு: மூன்று வாரத்துக்கு முன் போர்ட்டல் மெஷினுக்கு யாராவது மெமரி கூட்டினார்களா?

ஆய்வகச்சாவி | வெள்ளி, பிற்பகல் 1.05

அக்கா!! ஆமாம். கட்டணம் கட்டும் பக்கம் மெதுவாக இருக்கிறது என்று ஜாவாவுக்கு ஒதுக்கும் மெமரியான ஹீப்பை 4 ஜிபியிலிருந்து 24 ஜிபி ஆக்கினோம். மாற்றப் பதிவேட்டில் இப்போதுதான் தேதியைப் பார்த்தேன். அதற்கு அடுத்த வேலை நாள்தான் முதல் முறை லாகின் நின்றது. அது வேறு மெஷின் என்பதால் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

நிரலி_மதுரை | வெள்ளி, பிற்பகல் 1.20

அதுதான். ஹீப் பெரிதானால் குப்பை நிரம்ப நிறைய நேரம் பிடிக்கும், ஜிசி எப்போதாவதுதான் வரும். அதுவரை எல்லா சாக்கெட்டும் காத்திருக்கும். போர்ட்டலுக்கு நல்லது செய்தது டைரக்டரி சர்வரின் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

ஊகமாக விட வேண்டாம், நிரூபித்துவிடலாம். கூட்டம் குறைந்த நேரத்தில், போர்ட்டல் பிஐடிக்கு ஜேசிஎம்டி வழியாக 'ஜிசி.ரன்' கொடுங்கள். முழு ஜிசி என்பதால் சில நொடி போர்ட்டல் நிற்கும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எஸ்எஸ் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜேவிஎம் தொடங்கும் வரியில் 'டிசேபிள் எக்ஸ்ப்ளிசிட் ஜிசி' இருந்தால் இந்தக் கட்டளை ஒன்றும் செய்யாது, அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆய்வகச்சாவி | வெள்ளி, மாலை 6.50

கல்லூரி விட்ட பிறகு செய்தேன். ஒரு டெர்மினலில் வாட்ச் கட்டளையில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது, இன்னொன்றில் ஜிசி.ரன் கொடுத்தேன். 1912. 1912. அப்புறம் 1340. 611. 31. அங்கேயே நின்றது. பத்து நொடிகூட ஆகவில்லை.

பக்கத்தில் இருந்த லேப் உதவியாளர் அண்ணன் 'என்ன தம்பி, எதையாவது அணைச்சிட்டியா' என்று கேட்டார். மூன்று வாரமாக அவரும் என்னோடு சேர்ந்து திட்டு வாங்கியவர்.

நிரலி_மதுரை | வெள்ளி, இரவு 8.15

மகிழ்ச்சி. இப்போது திருத்தம்.

எனுமரேஷனை ஃபைனலி பகுதியில், கான்டெக்ஸ்ட்டுக்கு முன்னால் மூட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ட்ரை வையுங்கள், ஒன்று மூடும்போது பிழை வந்தால் மற்றது விடுபடக் கூடாது. இங்கே ஒரு இடறல் இருக்கிறது. நவீன ஜாவாவில் ட்ரை-வித்-ரிசோர்சஸ் பழகியவர்கள் இதையும் அப்படியே எழுதப் பார்ப்பார்கள். கம்பைல் ஆகாது. டிர்கான்டெக்ஸ்ட்டும் நேமிங்எனுமரேஷனும் ஆட்டோக்ளோசபிள் இல்லை, அது வருவதற்கு வெகு முன்னால் எழுதியவை. அதனால் சிலர் 'சரி விடு' என்று மூடாமலே விட்டுவிடுகிறார்கள். இந்தக் கசிவு இத்தனை இடங்களில் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

ஃபைனலைஸை நம்பியிருக்கவே கூடாது. ஜாவா 9இலேயே அதைக் கைவிடச் சொல்லிக் குறித்தாகிவிட்டது. 18ஆம் பதிப்பில், 2022இல், முழுவதுமாக நீக்கப்போவதாக அறிவித்தும்விட்டார்கள்.

இன்னொன்று. போர்ட்டல் 389இல் பேசுகிறதா, 636இலா? ஜேஎன்டிஐயின் கனெக்ஷன் பூல் (இணைப்புகளை மறுபடி பயன்படுத்தும் வசதி) வைத்திருந்தால் இது முக்கியம். பூல் டிஃபால்ட்டாகச் சாதாரணக் கனெக்ஷன்களுக்கு மட்டும்தான். 636இல் ஓடும் மறையாக்கப்பட்ட எல்டேப்ஸுக்கு மாறினால், பூல் ப்ரோட்டோகால் செட்டிங்கில் 'ப்ளெய்ன் எஸ்எஸ்எல்' என்று இரண்டையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பூல் இருப்பது போலவே இருக்கும், வேலை செய்யாது. அதுவும் ஜேவிஎம் தொடங்கும்போது சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாகத்தான் கொடுக்க வேண்டும். கான்டெக்ஸ்ட்டுக்குக் கொடுக்கும் ஹாஷ்டேபிளில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். பூலின் டைம்அவுட்டும் அதே மாதிரிதான். அதிகபட்ச அளவுக்கு டிஃபால்ட்டில் வரம்பே இல்லை, ஒரு எண் கொடுத்துவிடுங்கள்.

ஆய்வகச்சாவி | வெள்ளி, இரவு 8.40

636தான். ஹாஷ்டேபிளில்தான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அத்தனையும் அப்படியே இருக்கிறது.

இதை அந்த நிறுவனத்திடம் எப்படிச் சொல்வது? போனில் சொன்னால் மறுபடி 'உங்கள் சர்வர்' என்பார்கள்.

பழைய_யூனிக்ஸ் | வெள்ளி, இரவு 9.30

எண்களை மட்டும் எழுதுங்கள் தம்பி. இரண்டு முனையிலும் ஒரே எண்ணிக்கை. ஜேஸ்டாக்கில் அதற்குச் சமமான த்ரெட். ஜிசிக்கு முன் 1912, பின் 31. ஹீப் மாற்றிய தேதி, முதல் புகார் வந்த தேதி. நிரலில் எந்தக் கோப்பு, எந்த வரி. யார் தவறு என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். இருபது வருடத்தில் நான் பார்த்தவரை, இப்படி எழுதிய கடிதத்துக்கு எதிர்ப்பு வந்ததில்லை.

இயல்புநிலை | சனி, காலை 10.00

நாங்கள் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டைரக்டரி வைத்திருக்கிறோம். எங்களுக்கும் சில நேரம் ஆப்களில் 'கனெக்ஷன் க்ளோஸ்டு' என்று வருகிறது, ஆனால் லாகின் உறைவதில்லை. இந்தக் கசிவு எங்களுக்கும் இருக்கலாமா?

பழைய_யூனிக்ஸ் | சனி, காலை 10.50

இருக்கலாம், முகம்தான் வேறு. அங்கே எல்டேப் பாலிசியில் மேக்ஸ்கனெக்ஷன்ஸ் டிஃபால்ட் 5000. மேக்ஸ்கான்ஐடில்டைம் 900 நொடி. ஸ்லாப்டி நிரம்பினால் புதியவரை உள்ளே விடாது. ஆக்டிவ் டைரக்டரியின் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் நிரம்பினால் புதியவரை உள்ளே விட்டு, ஏற்கெனவே இருக்கும் வேறொன்றை அறுத்துவிடும். அதனால் கசிய விடுகிற ஆப் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், ஒரு பாவமும் அறியாத இன்னொரு ஆப் அடி வாங்கும். பிழை காட்டும் மெஷினை விட்டுவிட்டு, டொமைன் கன்ட்ரோலரில் ஐபி வாரியாக எண்ணுங்கள். 5000ஐ உயர்த்துவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இயல்புநிலை | சனி, பிற்பகல் 12.15

பிழை காட்டும் மெஷினைத்தான் இரண்டு மாதமாகக் குடைந்துகொண்டிருக்கிறேன். திங்கள் காலை கன்ட்ரோலரில் எண்ணுகிறேன். நன்றி.

ஆய்வகச்சாவி | அடுத்த வியாழன், மாலை 6.20

சார் சொன்னபடி ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். இரண்டாம் நாளே அவர்களுடைய நிரலாளர் ஒருவர் நேரடியாக அழைத்தார். 'ஜிசி ஓட்டிய எண்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது' என்றார். அவர்களே தேடி, இதே போல இன்னும் மூன்று இடங்களைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். நேற்று இரவு புது பில்ட் ஏறியது.

இன்று செய்முறைத் தேர்வின் முதல் நாள். காலை ஒன்பதரைக்கு மூன்று லேபிலும் ஒரே நேரத்தில் 180 பேர் லாகின் ஆனார்கள். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய திரையும் நிற்கவில்லை. பதினொன்று தாண்டியது, பன்னிரண்டு தாண்டியது. போர்ட்டலிலிருந்து வரும் கனெக்ஷன் நாள் முழுக்க 14ஐத் தாண்டவில்லை, பூல் அதிகபட்சம் 20 என்று வைத்திருக்கிறோம்.

ஜிசி சோதனை முடிந்த பிறகு வைத்த ஐடில்டைம்அவுட் 600 அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மெயில் சர்வரில் பிழை எதுவும் வரவில்லை. ஸ்லாப்டி தன் நிலையைச் சொல்லும் சிஎன்=மானிட்டரில் கனெக்ஷன்ஸ் பகுதியில் இப்போதைய எண்ணிக்கையும் அதிகபட்ச டிஸ்கிரிப்டர் எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவற்றைப் படித்து, பாதியைத் தாண்டினால் எனக்கு மெசேஜ் வருவது போல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். யாருக்காவது வேண்டுமானால் பகிர்கிறேன்.

நிரலி அக்காவுக்கும் பழைய_யூனிக்ஸ் சாருக்கும் வலைக்கயிறு, ரேக் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிள்ளைகள் சார்பாகவும்.

நிரலி_மதுரை | வியாழன், இரவு 7.00

நிம்மதியாக இருக்கிறது தம்பி. ஸ்கிரிப்டைப் போடுங்கள்.

பழைய_யூனிக்ஸ் | வியாழன், இரவு 7.25

நல்ல செய்தி. ஒன்று மட்டும் கேட்கிறேன். முதன்மை சர்வர் விழுந்தால் எல்லோரும் ரெப்ளிகாவுக்குத்தானே போவார்கள்? லிமிட்நோஃபைல் அங்கேயும் மாற்றினீர்களா?

ஆய்வகச்சாவி | வியாழன், இரவு 7.31

இல்லை சார். ப்ராக்கில் இப்போதுதான் பார்த்தேன், 1024.

ஆய்வகச்சாவி | வியாழன், இரவு 7.44

மாற்றிவிட்டேன். 8192 வந்துவிட்டது, ஐடில்டைம்அவுட்டும் வைத்துவிட்டேன்.